சித்தப்பா வீட்டுத் தட்டு

1

போன மாதம் ஒரு சனிக்கிழமை அடித்த காற்றில் எங்கள் வீட்டுப் பின்பக்கத்து மேப்பிள் மரம் நடுவில் பிளந்து, ஒரு பாதி பக்கத்து வீட்டு டேவிட்டின் புல்தரையில் போய்ப் படுத்துக்கொண்டது. காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தால், டேவிட் கையுறை மாட்டிக்கொண்டு ரம்பத்தோடு வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். மரத்தைத் தொடவில்லை. நான் கதவைத் திறந்து வெளியே வரும்வரை காத்திருந்து, "உங்கள் மரம். வெட்டலாமா என்று கேட்கத்தான் நின்றேன்" என்றார்.

வேறு யாராவது இருந்தால் கண் கலங்கியிருப்பார்கள். எனக்குச் சந்தேகம்தான் வந்தது.

டொராண்டோவுக்கு வெளியே இந்தக் குடியிருப்புக்கு நாங்கள் வந்து பல வருடங்கள் ஆகின்றன. டேவிட் பனிக்காலத்தில் எங்கள் வாசலையும் சேர்த்து வழித்துவிடுகிற மனிதர். அன்றைக்கும் அவர் பாட்டுக்குக் கிளைகளை அறுத்து, ஒரே நீளத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் உதவி செய்கிற சாக்கில் அவர் பின்னாலேயே போய், அவர் எங்கே கால் வைக்கிறார், எதையாவது தரையில் ஊன்றுகிறாரா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் வீட்டுக்குள் போனதும் வேலிப் பலகைகள் பழைய இடத்திலேயே இருக்கின்றனவா என்று குனிந்து பார்த்தேன். இருந்தன.

"கௌரி, அந்த மனுஷன் உதவி பண்ண வந்திருக்கார். நீ போலீஸ்காரி மாதிரி நிக்கற" என்றார் என் கணவர்.

புயலுக்கு மறுநாள் உதவிக்கு வருகிற பக்கத்து வீட்டுக்காரரை நம்பக்கூடாது என்பது நான் சென்னைக்குப் பக்கத்தில், சொந்த ஊரான முடிச்சூரில் படித்த பாடம். அதை எங்கே போனாலும் மறக்கிறதாக இல்லை.

2

முடிச்சூரில் எங்கள் வீட்டுக்கு மேற்கே ஏழுமலைச் சித்தப்பா வீடு. அப்பாவுக்குப் பங்காளி முறை. இரண்டு குடும்பமும் ஒரு காலத்தில் பக்கத்துப் பக்கத்து வயலில் நெல் விளைத்தவர்கள். வயல் பிளாட்டான பிறகு அப்பா வீட்டைச் சுற்றித் தோட்டம் வைத்துக்கொண்டு திருப்தியாக இருந்துவிட்டார். சித்தப்பா மூன்று மாடி கட்டி வாடகைக்கு விட்டார்.

தோட்டத்தின் மேற்குப் பக்கம், தெருவை ஒட்டி, அப்பா வைத்த மாமரம். மரத்துக்கும் அந்தப் பக்கம் எங்கள் துணி துவைக்கும் கல். கல்லைத் தாண்டித்தான் சித்தப்பா இடம். நடுவில் சுவர் கிடையாது. பங்காளிக்குள் சுவர் எதற்கு என்று அப்பா சொல்வார். அப்பா போனபின் அம்மாவும் அதையே சொன்னாள்.

பல வருடங்களுக்கு முன்பு ஒரு மார்கழிப் புயலில் தெருவே நாசமானது. எங்கள் முருங்கை, பப்பாளி, இரண்டு தென்னை எல்லாம் சாய்ந்து ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. மாமரம் மட்டும் இலை உதிர்ந்து நின்றது. கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை. அம்மா தனியாக இருக்க முடியாமல் பல்லாவரத்தில் அத்தை வீட்டுக்குப் போனாள். அன்றைக்குச் சித்தப்பாவே கனடாவில் இருந்த எனக்குப் போன் செய்தார்.

"கௌரி, நீ ஒண்ணும் பேஜார் ஆவாத. நான் கீறேன்ல. ஆளு வச்சி தோட்டத்த கிளீன் பண்ணி வுடறேன். அண்ணி வந்து பாத்தா அசந்துடணும்."

நான் போனிலேயே அழுதுவிட்டேன். நன்றி சித்தப்பா, நன்றி சித்தப்பா என்று எத்தனை தடவை சொன்னேனோ. அந்த நன்றியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வாய் கசக்கிறது.

அம்மா திரும்பி வந்தபோது தோட்டம் துடைத்துவிட்டது மாதிரி இருந்ததாம். ஒரு தழை இல்லை. அன்று சாயந்திரம் போனில் அம்மா மெதுவாகச் சொன்னாள்.

"தோட்டம் சுத்தமா கீது கௌரி. மாமரந்தான் அந்தாண்ட போயிடுச்சி."

எனக்குப் புரியவில்லை. மரம் எப்படிப் போகும் என்றேன். மரம் போகவில்லை, வேலி வந்திருக்கிறது. சிமெண்டுக் கால் நட்டு, கம்பிவலை இழுத்து, மரத்துக்கு இந்தப் பக்கமாகக் கட்டிவிட்டார். மரமும் துவைக்கிற கல்லும் ஒரே வாரத்தில் சித்தப்பாவின் சொத்தாகிவிட்டன. கேட்டதற்கு, "மரம் எப்பவும் எங்க இடத்துலதான் கீது அண்ணி. அண்ணன் தண்ணி ஊத்துனாரு, அவ்ளோதான்" என்றாராம்.

நான் இங்கிருந்து குதித்தேன். வக்கீல் வைக்கலாம் என்றேன். அம்மா மாட்டேன் என்றாள். "நீ அங்க கீற. நான் இங்க தனியா கீறேன். ராத்திரி எனக்கு நெஞ்சு வலிச்சா அவன்தான் ஆட்டோ கூப்பிடணும்." நான் வக்கீல் பேச்சை விட்டேன். அம்மா தனியாக இருந்ததற்கு யார் காரணம் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

3

அதையாவது பொறுத்திருப்பேன். பொறுக்க முடியாதது அந்தத் தட்டு.

ஒவ்வொரு கோடையிலும் மாமரம் காய்த்துப் பழுத்ததும், சித்தப்பா வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டு வரும். விளிம்பில் 'ஏ. சரசு' என்று சித்தியின் பெயர் வெட்டியிருக்கும். தட்டில் ஒரே ஒரு மாம்பழம். மற்றதெல்லாம் தாம்பரம் மார்க்கெட்டுக்கு, கூடை கூடையாக. சரசுச் சித்தி வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்வாள்: "எங்க மரத்துல மொத பழம்க்கா. நீங்க சாப்ட்டாதான் எங்களுக்குத் திருப்தி."

அப்பா வைத்த மரத்தின் பழம், அம்மாவுக்குத் தானமாக வருகிறது. அம்மா அதை வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். வாங்கினால் மட்டும் போதாது. எங்கள் ஊரில் யார் வீட்டுப் பாத்திரத்தையும் வெறுமனே திருப்பிக் கொடுக்கமாட்டோம். ஒரு பிடி சர்க்கரையாவது, நாலு முறுக்காவது, ஒன்றும் இல்லையென்றால் ஒரு கட்டு கீரையாவது போட்டுத்தான் அனுப்ப வேண்டும். வெறும் பாத்திரம் கொடுத்தால், உன் வீடும் இப்படியே போகட்டும் என்று சொல்வதற்குச் சமம். ஆகவே அம்மா ஒவ்வொரு வருடமும் அந்தத் தட்டைக் கழுவி, சர்க்கரை போட்டு, திருடியவன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பழத்தை அவள் தின்னவில்லை. வேலைக்கு வருகிற பெண்ணிடம் கொடுத்துவிடுவாள்.

ஒரு பொங்கலுக்கு வாசலில் கட்ட மாவிலை வேண்டும் என்று அம்மா கம்பிவலைக்குள் கையை விட்டிருக்கிறாள். சித்தி மாடியிலிருந்து பார்த்துவிட்டு, "சொன்னா நாங்களே பறிச்சித் தரமாட்டமா அக்கா? எதுக்குக் கைய வுடுறீங்க?" என்று கேட்டாளாம். அதன் பிறகு அம்மா மாவிலையைக்கூடக் கடையில்தான் வாங்கினாள். இந்த விஷயத்தை அம்மா என்னிடம் சொல்லவே இல்லை. அவள் போனபிறகு அத்தை சொல்லித்தான் தெரியும்.

அம்மா இறந்த அன்று நான் போய்ச் சேர்வதற்குள் சித்தப்பா எல்லாவற்றையும் எடுத்துச் செய்துகொண்டிருந்தார். பந்தல், ஐஸ் பெட்டி, ஆட்களுக்கு டீ. எல்லாரையும்விடச் சத்தமாக அழுதார். அண்ணி, அண்ணி என்று அவர் அழ, நான் அவர் காலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். எல்லாம் முடிந்து சமையலறையை ஒழித்தபோது மேல்தட்டில் அந்த எவர்சில்வர் தட்டு இருந்தது. கடைசிக் கோடையில் வந்தது. படுக்கையில் விழுந்துவிட்டதால் அம்மாவால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. நான் அதை ஒரு பழைய துண்டில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். ஏன் என்று அப்போது எனக்கே தெரியாது. கொடுக்க மனமில்லை, அவ்வளவுதான்.

4

இங்கே ஒரு மரத்தை முழுசாக வெட்டவேண்டும் என்றால் நகராட்சியில் அனுமதி வாங்கவேண்டும். உங்கள் மரம்தான், உங்கள் இடம்தான், இருந்தாலும் கேட்கவேண்டும். பாதி பிளந்து நிற்கிற மேப்பிளுக்காக நான் போன் செய்தேன். பாட்டு ஓடியது, மறுபடி ஓடியது. கடைசியில் ஒரு பெண் எடுத்தாள். பதற்றத்தில் நான் நம்மூர்ப் பேச்சை அப்படியே இங்கிலீஷில் போட்டு, "எங்கள் மரம் பக்கத்து வீட்டுக்காரர் தலையில் விழுந்துவிட்டது" என்று சொல்லித் தொலைத்தேன். அவள் உடனே ஆம்புலன்ஸ் அனுப்பட்டுமா என்று கேட்டாள். டேவிட்டின் தலை நன்றாக இருக்கிறது, புல்தரைதான் போச்சு என்று விளக்குவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

பிறகு ஒரு அதிகாரி வந்தார். டேப் பிடித்து அடிமரத்தை அளந்தார், வேலிக்கும் மரத்துக்கும் உள்ள தூரத்தை அளந்தார். "மரம் முழுக்க உங்கள் எல்லைக்குள் நிற்கிறது. ஆகவே இது உங்கள் மரம். பொறுப்பும் உங்களுடையது" என்றார்.

மண் யாருடையதோ மரமும் அவருடையது. மரம் யாருடையதோ பொறுப்பும் அவருடையது. அவர் அதைத் தூக்கம் வழிகிற குரலில், ஒரு நாளைக்கு நூறு பேரிடம் சொல்வதுபோலச் சொன்னார். நானோ உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இதே கணக்கை முடிச்சூர்த் தெருவில் நின்று நான் நேர்செய்து ஆறேழு மாதம்தான் ஆகிறது.

என் மகன் ஆதி அன்று வீட்டில்தான் இருந்தான். கல்லூரி விடுமுறை. காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு, கிளை பொறுக்கக் கூப்பிட்டால் 'ஒரு நிமிஷம்' என்று சொல்லி அரை நாள் வரமாட்டான். முடிச்சூர்க் கதையைச் சொன்னால் அவன் எப்போதும் கேட்பது ஒன்றுதான்: "அம்மா, கொஞ்சம் லேண்ட், ஒரு ட்ரீ. இதுக்கு இவ்வளவு கோபமா?" அவன் தாத்தா வைத்த மரம். அதில் ஒரு பழத்தைக்கூட அவன் தின்றதில்லை. அவன்மேல் தப்பில்லைதான். ஆனாலும் அப்படிக் கேட்கிறபோது எனக்கு அவன்மேலும் கொஞ்சம் கோபம் வருகிறது.

5

அம்மாவின் முதல் வருடத் திதிக்கு முடிச்சூர் போயிருந்தேன். கும்பிட்டு முடித்த மறுநாளே புயல். இரவு முழுக்கக் காற்று. விடியும் நேரத்தில் ஒரு பெரிய சத்தம், அதன் பின்னாலேயே கண்ணாடி நொறுங்குகிற சத்தம்.

வெளியே வந்து பார்த்தேன். மாமரம் வேரோடு சாய்ந்து தெருவை மறித்துக் கிடந்தது. எதிர் அடுக்ககத்தின் சுந்தரம் சார், பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தெரு ஓரம் நிறுத்தியிருந்த புதுக் கார் அதற்கடியில் தட்டையாகிவிட்டது. மின்கம்பியையும் மரம் இழுத்துக்கொண்டு வந்திருந்தது. வேர் மண்ணைப் பெயர்த்துக்கொண்டு எழுந்தபோது சித்தப்பாவின் சிமெண்டுக் கால்களையும் சேர்த்துப் பிடுங்கியிருந்தது. கம்பிவலை சுருண்டு கிடந்ததைப் பார்த்தபோது, மரத்தைப் பார்த்து வந்த அழுகையும் நின்றுவிட்டது.

ஒரு பக்கம் வேரே இல்லை. சித்தப்பா வாடகை வீடுகளுக்காக நிலத்தடித் தண்ணீர்ச் சம்ப் தோண்டியபோது அறுத்த பழைய வெட்டுகள் கறுத்துப்போய்த் தெரிந்தன.

தெருவே கூடிவிட்டது. சுந்தரம் சார் நேராகச் சித்தப்பாவிடம் போனார். "எத்தனை தடவை சொன்னேன் ஏழுமலை? மரம் சாயுது, கிளையக் கழிங்கன்னு. காய்ப்பு போயிடும்னு சொன்னீங்க. இப்ப என் காருக்கு யார் பதில் சொல்றது?"

கரண்ட் இல்லாமல் எரிச்சலில் இருந்த மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். லைன்மேன் வேறு, மரம் யாருதுப்பா, கம்பி போனதுக்கு ஆபீஸ்ல எழுதணும் என்றார். சித்தப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வருடக்கணக்காக நான் காத்திருந்தது அந்த முகத்துக்குத்தான் என்று எனக்கு அப்போது தெரியாது.

"மரம் யாருதுன்னு இந்தப் பொண்ணக் கேளு சார். எங்க அண்ணன் வச்ச மரம். தெருவுக்கே தெரியும். இவுங்க ஃபாரின்ல குந்திகினு மரத்தக் கவனிக்கல, அதுக்கு நான் இன்னா பண்ணுவேன்?"

நான் ஒரு அடி முன்னால் போனேன்.

"சித்தப்பா, பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல. மரம் யாருதுன்னு இன்னொரு தரம் சொல்லுங்க."

"உங்க மரம்தாம்மா. உங்கப்பா வச்சது. எனக்கும் அதுக்கும் சம்பந்தமே கெடையாது."

"சரி" என்றேன். "எங்க மரம்தான். சார், உங்க கார் செலவு என்னுது. கம்பிக்கும் என் பேரையே எழுதிக்கங்க." சுந்தரம் சார் என்னை ஒரு மாதிரி பார்த்தார். சித்தப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒரு நல்ல ஏமாளி கிடைத்தாள் என்று நினைத்திருப்பார்.

மண்ணிவாக்கத்திலிருந்து குமார் என்பவர் மரம் அறுக்கிற மெஷினோடு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். தெருவில் கிடந்த கிளைகளை முதலில் கழித்தார்கள். காரை விடுவித்தார்கள். பச்சை மரம் என்பதால் பால் வடிந்து பிசுபிசுத்தது. முசுறு எறும்பு கூட்டோடு சிதறி எல்லாரையும் கடித்தது. நானும் தழை இழுத்தேன். கை, கழுத்தெல்லாம் தடித்துவிட்டது, ஆனாலும் நிறுத்தவில்லை. அப்பா வைத்த மரத்தின் இலையைக் கம்பிவலை இல்லாமல் தொட்டு எவ்வளவு காலம் ஆகியிருந்தது. ஒரு கொத்தை மட்டும் தனியாக எடுத்து அம்மாவின் வாசலில் கட்டினேன்.

அடிமரத்துக்கு வந்தபோது குமார் கேட்டார். "அக்கா, மிச்ச வேலி குறுக்கால நிக்குது. இன்னா பண்றது?"

"புடுங்குங்க" என்றேன்.

சித்தப்பா மாடியிலிருந்து இறங்கி ஓடிவந்தார். "ஏய், வேலிமேல கைய வைக்காத. இது எங்க எடம்."

"எங்க மரம்னு நீங்கதான சொன்னீங்க சித்தப்பா?"

"மரத்தச் சொன்னேன். மண்ணயா சொன்னேன்?"

காரின் நொறுங்கின கண்ணாடியைப் பெருக்கிக்கொண்டிருந்த சுந்தரம் சார் நிமிர்ந்தார். "மரம் என்ன தொட்டியிலயா இருந்தது ஏழுமலை?" என்றார்.

தெருவே சிரித்தது. அந்தச் சிரிப்பை நான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். இங்கே பனியில் பஸ்ஸுக்கு நிற்கிறபோது எடுத்துக் கேட்டுக்கொள்வேன்.

"மண்ணு உங்களுதுன்னா சொல்லிடுங்க சித்தப்பா" என்றேன் நான், ரொம்பவும் மரியாதையாக. "அப்ப மரமும் உங்களுதாயிடும். கார் செலவ நீங்க குடுத்துடுங்க. நான் இப்பவே ஆளுங்கள அனுப்பிடறேன்."

அவர் திரும்பினார். சுந்தரம் சாரைப் பார்த்தார். லைன்மேனைப் பார்த்தார். அப்புறம் லுங்கியை இறக்கி விட்டுக்கொண்டு படியேறினார்.

அந்த வாரமே துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம், பழைய எல்லையில், சுவர் எழுப்பினேன். பங்காளிக்குள் சுவர் எதற்கு என்று கேட்க அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. சித்தப்பா ஜன்னலைக்கூடத் திறக்கவில்லை.

6

கிளம்புகிற அன்று அலமாரியைத் திறந்து அந்தத் தட்டை எடுத்தேன். நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். துடைத்தேன். சமையலறையில் சர்க்கரை டப்பா பக்கத்திலேயே இருந்தது. அம்மாவாக இருந்தால் இவ்வளவுக்கு அப்புறமும் ஒரு பிடி போட்டிருப்பாள். ஒரு நிமிஷம் டப்பாவைப் பார்த்தபடி நின்றேன். பிறகு மூடியை இறுக்கி மூடினேன்.

சரசுச் சித்திதான் கதவைத் திறந்தாள்.

"உங்க தட்டு சித்தி. அம்மா குடுக்காம போயிட்டாங்க."

அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். பழக்கத்தில் உள்ளே பார்த்தாள். தட்டை லேசாகச் சாய்த்தும் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். வாசலில் என்றைக்கும் சத்தமாகப் பேசுகிறவள் அன்றைக்கு மெதுவாகக் கேட்டாள்.

"ஒண்ணும் இல்லியா கௌரி?"

"இல்ல சித்தி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இதைக் கேட்ட ஆதி, "அவ்வளவுதானா? எம்ப்டி ப்ளேட் குடுத்தா அது ரிவெஞ்சா?" என்றான். 

மேப்பிளை வெட்டிச் சுத்தம் செய்து முடித்த அன்று, டேவிட்டுக்கு ஒரு தட்டு நிறையக் கேசரி கொடுத்தனுப்பினேன். நேற்று சாயந்திரம் அவர் கதவைத் தட்டி, ரொம்ப நன்றாக இருந்தது என்று சிரித்தபடி தட்டைத் திருப்பிக் கொடுத்தார். பளபளவென்று கழுவித் துடைத்த தட்டு. உள்ளே ஒன்றுமில்லை.

அவருக்கு ஒன்றும் தெரியாது. இந்த ஊரில் தட்டை இப்படித்தான் கொடுப்பார்கள். எல்லாம் தெரிந்தும், கதவை மூடிவிட்டு அந்தத் தட்டைப் பிடித்தபடி நான் வாசலிலேயே நின்றேன். சித்தி செய்த மாதிரியே நானும் அதைச் சாய்த்துப் பார்த்தேன். கெட்டது எதுவும் செய்யாத ஒருவர் கொடுத்த தட்டுக்கே இப்படி இருக்கிறது.

சித்திக்கு எப்படி இருந்திருக்கும் என்று இத்தனை நாள் எனக்கு நிச்சயமாகத் தெரியாமல் இருந்தது. நேற்றுத்தான் தெரிந்தது. இரவு நன்றாகத் தூங்கினேன்.